வாரம் ரெண்டு தடவ தண்ணி மாத்தியும் பழுப்பா போன ரீஃப் டேங்க்: ஒரு பெங்களூர் கேஸ்

பெல்லந்தூர் பக்கம் ஒரு அபார்ட்மெண்ட்ல ஏழாவது மாடில இருக்கற மூணடி ரீஃப் டேங்க்கோட, அதாவது கடல் மீனும் கோரலும் (பவளம்) வளக்கற கண்ணாடித் தொட்டியோட கேஸ் இது. டேங்க் எனக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணாச்சியோடது, தூத்துக்குடிக்காரரு, பேர் போட வேணாம்னு சொல்லிட்டாரு, மத்த எல்லாத்தையும் எழுதிக்கோன்னு ரீடிங் நோட்டையே குடுத்துட்டாரு. உப்புத்தண்ணி டேங்க் வச்சிருக்கறவங்க எல்லாரும் கேக்கற முதல் கேள்வி எத்தன நாளைக்கு ஒருக்கா தண்ணி மாத்தணும்ங்கறதுதான், அதுக்கு எல்லாரும் சொல்ற பதில் வாரம் பத்து சதவீதம். தப்பான பதில் இல்ல. ஆனா இந்த டேங்க்ல அத வாரம் நாப்பது சதவீதம் வரைக்கும் ஏத்திப் பாத்தும் ஒண்ணும் நடக்கல, நடக்கலங்கறத விட ஒவ்வொரு தடவ மாத்தறப்பவும் இன்னும் மோசமாச்சு, ஏன்னு தேடிப் போனதுதான் இந்தக் கேஸ்.

முதல்ல டேங்க் என்னன்னு சொல்லிடறேன். மூணடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கீழ சம்ப், அதாவது ஃபில்டர் சாமான் வைக்கற ரெண்டாவது தொட்டி, இருக்கு, கல்லு மணல் எல்லாம் பிடிச்ச இடம் போக மொத்தத் தண்ணி 200 லிட்டர்னு வச்சுக்கலாம். மீன் கம்மிதான், ஒரு ஜோடி க்ளவுன், ஒரு கோபி, ரெண்டு க்ரோமிஸ். கோரல்ல பெரும்பாலும் சாஃப்ட், ஜோவாந்தஸ், மஷ்ரூம், ஒரு பெரிய லெதர், கூட ஒரு டார்ச்சும் ஒரு ஹாமரும், இது ரெண்டும் எலும்பு கட்டற கல்லுக்கோரல். டார்ச்சும் ஹாமரும் வெளிநாட்டுல வளத்து பேப்பரோட வந்தது, அந்த பேப்பர் காப்பிய பில்லோட வச்சிருக்காரு. இது முக்கியம். கல்லுக்கோரல் எல்லாம், நாடு விட்டு நாடு உயிரினம் விக்கறதக் கட்டுப்படுத்தற சைட்டிஸ் பட்டியல்ல இருக்கு, நம்ம கடல்ல இருக்கற ரீஃப் கோரலுக்கு 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணைப் பாதுகாப்பு, மன்னார் வளைகுடால இருந்து எடுத்ததுன்னு எவனாவது மலிவா நீட்டினா கைய நீட்டாதீங்க. அண்ணாச்சி அந்தக் கடலப் பாத்து வளந்தவரு, அதனால இதுல அவர் ரொம்ப கறார்.

டேங்க் ஓட ஆரம்பிச்சு ஒன்றரை வருஷம் நல்லாத்தான் போச்சு. ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம 20 லிட்டர், அதாவது பத்து சதவீதம். உப்பு, கலக்கினா அல்கலினிட்டி (கோரல் எலும்பு கட்ட எடுத்துக்கற கார்பனேட் அளவு, டிகேஎச்ங்கற அலகுல சொல்றது) 8 டிகேஎச் வர்ற மாதிரியான சாதா ரீஃப் சால்ட். அல்கலினிட்டிக்கும் கால்சியத்துக்கும் தனியா தினமும் டோசிங், அதாவது அளந்து ஊத்தறது, டேங்க் அல்கலினிட்டி 7.6ல நின்னுச்சு. தீனியும் மீன் கழிவும் மக்கி சேர்ற நைட்ரேட் எப்பவும் 15, 20 பிபிஎம்முக்குள்ள (லிட்டருக்கு இத்தன மில்லிகிராம்). பெங்களூர்ங்கறதால தண்ணியக் குளிர வைக்கற சில்லரும் கிடையாது, ரெண்டு சின்ன ஃபேன் வச்சே 26 டிகிரில நிக்கும், சென்னைல இருக்கறவங்க இதப் படிச்சா வயிறு எரியும், என்ன பண்றது, 900 மீட்டர் உயரத்துல ஊரக் கட்டி வச்சிருக்கான் கெம்பேகௌடா.

2024 பிப்ரவரில மணல்ல பழுப்பா ஒரு படலம். முதல்ல அவர் பெருசா எடுத்துக்கல, மணலக் கிளறி விட்டாரு, மறுநாளே திரும்ப வந்துச்சு. கண்ணாடில, கல்லு மேல, பம்ப் மேலன்னு பரவுச்சு. அவர் பண்ணது எல்லாரும் பண்றதுதான், தண்ணி மாத்தறத அதிகமாக்கினாரு. 20 லிட்டர் 40 ஆச்சு, வாரம் ஒண்ணு ரெண்டாச்சு. அந்த நேரம் பாத்து வழக்கமா வாங்கற உப்பு கடைல ஸ்டாக் இல்ல, கடைக்காரர் இது இன்னும் உசத்தி சார், கோரல் நல்லா வளரும்னு 12 டிகேஎச் வர்ற உப்ப குடுத்துட்டாரு. மார்ச் நடுவுல டார்ச் சுருங்கிடுச்சு, ஒரு தலைல சதை எலும்ப விட்டு விலக ஆரம்பிச்சுது. அப்பதான் எனக்கு போன். "தம்பி, நான் மாத்துத தண்ணிக்கு இந்நேரம் இது கண்ணாடி மாதிரி இருக்கணும், நீ ஒரு எட்டு வந்து பாரு."

போனப்ப மதினி தான் கதவத் தொறந்தாங்க, வந்ததும் வராததுமா ஆரம்பிச்சுட்டாங்க. நியாயம் தான். அந்த மாசம் பெங்களூர் எப்படி இருந்துச்சுன்னு இங்க இருந்தவங்களுக்குத் தெரியும். போர்வெல் எல்லாம் வத்திப்போய், குடிதண்ணிய கார் கழுவவும் செடிக்கு ஊத்தவும் பயன்படுத்தினா 5,000 ரூபா அபராதம்னு குடிநீர் வாரியமே அறிவிச்ச மாசம் அது. இவங்க அபார்ட்மெண்ட்ல தண்ணி நேரம் வச்சு விடறாங்க, லாரித்தண்ணிக்கு மெயிண்டனன்ஸ்ல தனி வசூல், இந்த மனுஷன் மீனுக்கு வாரம் 80 லிட்டர் கேக்கறாரு. அதுவும் 80 லிட்டர் இல்ல. டேங்க்குக்குத் தண்ணி சுத்தம் பண்ற ஆர்ஓல ஒரு லிட்டர் நல்ல தண்ணிக்கு மூணு லிட்டர் வெளிய போகும், ஆக 320 லிட்டர், அது போக ஆவியாகறத ஈடுகட்ட தினமும் ஊத்தற தண்ணி வேற. "எங்க அஞ்சு பேரு குளிக்கறதுக்கு மேல அந்த அஞ்சு மீனு குளிக்கி"ன்னாங்க. பதில் சொல்ல முடியல.

டேங்க் டெஸ்ட் பண்ணோம். உப்பு 35 பிபிடி, அதாவது ஆயிரத்துக்கு 35 பங்கு, சரி. நைட்ரேட் 13. பாஸ்பேட் 0.06. கால்சியம் 430. இதுல எதுவுமே பயப்படற மாதிரி இல்ல, சாஃப்ட் கோரல் டேங்க்குக்கு இதுவே நல்ல நம்பர்தான். ஆனா அல்கலினிட்டி 10.3ன்னு வந்துச்சு. நோட்டுல ரெண்டு வாரம் முன்னாடி 7.6. டார்ச் சுருங்கினதுக்கு காரணம் அங்கயே கிடைச்சுடுச்சு, அதுக்கு அப்புறம் வர்றேன்.

பழுப்புப் படலம் என்னன்னு பாக்கணும்ல. ரெண்டு சாத்தியம், டயட்டம் இல்லன்னா டைனோ (டைனோஃபிளாஜெலேட்), ரெண்டும் பழுப்பா படர்ற நுண்ணுயிர். ரெண்டுக்கும் வைத்தியம் நேர் எதிர், அதனால இத ஊகத்துல விடக்கூடாது. டைனோ பெரும்பாலும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சைபருக்குப் போன டேங்க்ல வரும், மூக்குச்சளி மாதிரி இழை இழையா காத்துக்குமிழோட தொங்கும், தண்ணி மாத்தினா பல சமயம் இன்னும் பலமாகும். டயட்டம் மாவு மாதிரி, கைய ஆட்டினா புகையா கிளம்பும், அதுக்கு ஓடு கட்ட சிலிகேட், அதாவது கரைஞ்ச சிலிக்கா வேணும். வீட்டுலயே பண்ற ஒரு சோதனை இருக்கு, கொஞ்சம் அழுக்க உறிஞ்சி ஒரு பாட்டில்ல நல்லா குலுக்கி, காபி பேப்பர்ல வடிகட்டி, வடிஞ்ச தண்ணிய லைட்டுக்கு கீழ ஒரு மணி நேரம் வைக்கணும். டைனோன்னா திரும்ப ஒண்ணு கூடி திரி திரியா ஆகும். மதினி வீட்டுல இருந்தது பித்தள ஃபில்டர், அது இந்த வேலைக்கு ஆகாது, கீழ கடைல பேப்பர் வாங்கிட்டு வந்து பண்ணோம். ஒண்ணும் கூடல, அடில தூசியா படிஞ்சு கெடந்துச்சு. டயட்டம்.

புது டேங்க்ல டயட்டம் வர்றது சகஜம், முதல் சில வாரத்துல வந்து தானா போயிடும். ஒன்றரை வருஷ டேங்க்ல புதுசா வருதுன்னா எங்கயோ இருந்து சிலிகேட் உள்ள வருதுன்னு அர்த்தம். மணலும் பழசு, கல்லும் பழசு. புதுசா உள்ள போறது மீன் தீனி, டோசிங், உப்பு, தண்ணி, அவ்வளவுதான்.

தண்ணில எவ்வளவு உப்பு கரைஞ்சிருக்குன்னு காட்டற டிடிஎஸ் மீட்டர எங்கன்னு கேட்டா டிராயர்ல இருந்து தேடி எடுத்தாரு. குழாய்த் தண்ணி 1,050. ஆர்ஓ மெம்ப்ரேன் தாண்டி 60. அதுக்கடுத்து மிச்ச உப்பயும் பிடிக்கற டிஐ ரெசின் தாண்டி 55. டிஐ தாண்டினா சைபர் வரணும். ரெசின் செத்து எத்தன நாளாச்சோ தெரியல, தண்ணி அதுக்குள்ள பூந்து சும்மா வெளிய வருது.

இதுல யாரு மேலயும் தப்பு சொல்ல முடியாது, ஏன்னா ஒன்றரை வருஷம் அதே மெஷின் ஒழுங்கா வேல செஞ்சுது. மாறினது மெஷினுக்கு முன்னாடி இருக்கற தண்ணி. நோட்டுல பழைய ரீடிங் இருந்துச்சு, காவேரித் தண்ணி வந்தப்ப குழாய்ல 200 சொச்சம். அது ஆர்ஓ தாண்டினா 10, 12. ரெசினுக்கு வேலையே இல்லாம மாசக்கணக்குல ஓடும். காவேரி நின்னு முழுசா லாரித்தண்ணி, அதாவது எங்கயோ ஆழ்துளைக் கிணத்துல இருந்து எடுத்த கடினத்தண்ணி ஆனதும், ரெசினுக்கு அஞ்சு மடங்கு சுமை. அது போக இவர் தண்ணி மாத்தற அளவ நாலு மடங்காக்கிட்டாரு. ஆவியாகறதுக்கு ஊத்தற தண்ணியையும் சேத்துப் பாத்தாலும் ரெசின் வாழ்நாள் பத்துல ஒரு பங்குக்கும் கீழ சுருங்கிடுச்சு. பெங்களூர் நிக்கறது கருங்கல் பாறை மேல, அந்தப் பாறையில ஊறி வர்ற போர்வெல் தண்ணில சிலிக்கா இருக்கும், ஊருக்கு நடுவுல எடுத்த போர்னா சாக்கடை கசிஞ்ச நைட்ரேட்டும் இருக்கும். ரெண்டுமே ரீஃப் டேங்க்குக்கு வேண்டாத விருந்தாளி.

இதுல இன்னொரு சூட்சுமம், ரெசின் சாகறப்ப முதல்ல கைவிடறது சிலிக்காவத்தான். அது பலமா ஒட்டாது. மீட்டர் இன்னும் 1, 2ன்னு காட்டிட்டு இருக்கறப்பவே சிலிக்கா கசிய ஆரம்பிச்சிருக்கும், டிடிஎஸ் மீட்டருக்கு அது சரியா தெரியவும் தெரியாது. அதனால சைபர்ல இருந்து 1 ஆனதும் ரெசின மாத்தணும், 10 வரட்டும்னு காத்திருக்கறது ரெசின்ல மிச்சம் பிடிச்சு டயட்டத்துல செலவு பண்றது.

அந்த 55 டிடிஎஸ் தண்ணியவே டெஸ்ட் பண்ணோம், உப்பு போடறதுக்கு முன்னாடி. சிலிகேட் 2 பிபிஎம். நைட்ரேட் 8. இப்ப கணக்கு போடுங்க. வாரம் 80 லிட்டர், மாசம் 320 லிட்டர், லிட்டருக்கு 2 மில்லிகிராம் சிலிகேட், 640 மில்லிகிராம். 200 லிட்டர் டேங்க்ல அது 3.2 பிபிஎம்முக்கு சமம். ஆவியாகறதுக்கு தினமும் ரெண்டரை லிட்டர் ஊத்தறாரு, அந்தக் காய்ஞ்ச மார்ச் காத்துல அவ்வளவு போகும், மாசம் 75 லிட்டர், அதுல ஒரு 150 மில்லிகிராம். ஆவியாகிப் போறது வெறும் தண்ணி, உள்ள வந்தது உள்ளயே தங்கிடும். தண்ணி மாத்தறத நிறுத்தினாலும் இந்த வழியா வந்துட்டேதான் இருந்திருக்கும், இத நிறைய பேரு மறந்துடறாங்க. டேங்க் தண்ணில சிலிகேட் டெஸ்ட் பண்ணா கொஞ்சமாத்தான் காட்டிச்சு, வர்றத வர்றத டயட்டம் தின்னுடுது, அதான் படலமா கண்ணுக்குத் தெரியுது.

நைட்ரேட் கணக்கும் இதே மாதிரி அழகா உக்காந்துச்சு. இந்த ஃபார்முலாவ தண்ணி மாத்தற எல்லாரும் ஒரு தடவ பேப்பர்ல போட்டுப் பாக்கணும். ரெண்டு தடவ மாத்தறதுக்கு நடுவுல நைட்ரேட் எவ்வளவு ஏறுதோ அத, மாத்தற பங்கால வகுத்தா, கடைசில எங்க போய் நிக்கும்னு வந்துடும். தீனியால வாரம் 2 பிபிஎம் ஏறுது, வாரம் பத்துல ஒரு பங்கு மாத்தறோம்னா 2ஐ 0.1ஆல வகுத்தா 20. நூறு வருஷம் மாத்தினாலும் 20ல வந்து நிக்கும், அதுக்கு மேலயும் போகாது, கீழயும் வராது. பாதியாக்கணும்னா மாத்தறத ரெண்டு மடங்காக்கணும், இல்லன்னா தீனியக் குறைக்கணும். இவர் வாரம் ரெண்டு தடவ ஐந்துல ஒரு பங்கு மாத்தறாரு, நடுவுல 1 பிபிஎம் ஏறுது, 1ஐ 0.2ஆல வகுத்தா 5 தான் வரணும். ஆனா டேங்க்ல 13. உள்ள ஊத்தற தண்ணிலயே 8 இருக்குல்ல, 8ம் 5ம் 13. அண்ணாச்சி கால்குலேட்டர கீழ வச்சுட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல.

இனி டார்ச். உப்பு மாத்தினதோட விளைவு இது. டேங்க் 7.6, வாளில 12. ஐந்துல ஒரு பங்கு மாத்தினா வித்தியாசத்துல ஐந்துல ஒரு பங்கு ஏறும், 7.6ல இருந்து ஒரே நாள்ல 8.5. மூணு நாள் கழிச்சு 9.2. அப்புறம் 9.7, அப்புறம் 10.2. கோரல் எடுத்துக்கற அளவுக்குத்தான் டோசிங் தனியா ஓடிட்டு இருக்கே, அதனால ஏறினது இறங்கவே இல்ல. ரெண்டு வாரத்துல ரெண்டரை டிகேஎச்சுக்கு மேல. 10ங்கறது விஷம் இல்ல, 10லயே டேங்க் நடத்தறவங்க நிறைய பேரு இருக்காங்க, படி படியா குதிச்சதுதான் பிரச்சனை. வாரம் 20 லிட்டரே மாத்திட்டு இருந்திருந்தா இதே உப்பு ஒரு தடவைக்கு 0.4 தான் ஏத்தியிருக்கும், டார்ச் முனகிட்டு சமாளிச்சிருக்கும்.

இதோட மறுபக்கமும் சொல்லணும், ஏன்னா தண்ணி மாத்தினாலே கோரலுக்கு வேண்டிய கால்சியம் அல்கலினிட்டி எல்லாம் வந்துடும்னு ஒரு நம்பிக்க இருக்கு. கல்லுக்கோரல் நல்லா வளர்ற டேங்க்ல தினம் 1 டிகேஎச் இறங்கும், வாரம் 7. டேங்க்கும் 8, வாளியும் 9ன்னா பத்து சதவீதம் மாத்தி ஏறறது 0.1. யானைப்பசிக்கு சோளப்பொரி. அத டோசிங் தான் பாத்துக்கணும். தண்ணி மாத்தறது உண்மையா செய்யற வேல, நுரை கட்டி அழுக்கப் பிரிக்கற ஸ்கிம்மர் எடுக்காத கரைஞ்ச அழுக்க குறைக்கறது, டெஸ்ட் கிட் இல்லாத சின்னச் சின்ன தனிமங்கள திரும்ப கடல் அளவுக்குப் பக்கத்துல கொண்டு வர்றது, டோசிங்னால சேர்ற சோடியம் குளோரைடு சமநிலைய சரி பண்றது. இதெல்லாம் மெதுவா நடக்கற விஷயம். வாராவாரம் பத்து சதவீதம் பத்து வாரம் மாத்தினாலும் பழைய தண்ணில 35 சதவீதம் உள்ளயேதான் இருக்கும்.

என்ன பண்ணோம்னா, முதல்ல தண்ணி மாத்தறத மொத்தமா நிறுத்தினோம். அண்ணாச்சிக்கு இதுதான் கஷ்டமா இருந்துச்சு, டேங்க் அழுக்கா இருக்கறப்ப கைய கட்டிட்டு நிக்கறது. ரெசின் மாத்தி, அதுக்குப் பின்னாடி இன்னொரு ரெசின் குடுவை சேத்து, நடுவுலயும் கடைசிலயும் மீட்டர் வச்சோம். முதல் குடுவை 1 காட்டினா அத தூக்கிட்டு ரெண்டாவத முன்னாடி கொண்டு வந்து, புதுசு பின்னாடி. மெம்ப்ரேனும் மாத்திட்டோம், 94 சதவீதம் வடிகட்டறது மோசம் இல்ல, ஆனா 98 வடிகட்டினா ரெசினுக்கு சுமை மூணுல ஒண்ணாயிடும், இந்த வித்தியாசம் ரெசின் செலவுலயே ஒரு மெம்ப்ரேன் காச மீட்டுடும். பாஸ்பேட்ட உறிஞ்சற ஜிஎஃப்ஓங்கற இரும்பு ஆக்சைடு குருணை போடலாமான்னு கேட்டாரு, அது சிலிகேட்டையும் பிடிக்கும்ங்கறது உண்மை, கூடவே பாஸ்பேட்ட வழிச்சு சைபராக்கிட்டா டயட்டம் போய் டைனோ வரும், வேணாம்னுட்டேன். அல்கலினிட்டி டோசிங்க மட்டும் நிறுத்தி, தானா இறங்க விட்டோம், தினம் 0.2 மாதிரி இறங்குச்சு, 8 வந்ததும் திரும்ப ஆரம்பிச்சாச்சு. பழைய உப்பும் கிடைச்சுது. அதுக்கப்புறம் சுத்தமான தண்ணில வாரம் 20 லிட்டர்.

படலம் உடனே போகல. முதல் வாரம் ஒண்ணுமே தெரியல, அண்ணாச்சி தினம் போட்டோ அனுப்பிட்டு இருந்தாரு. மூணாவது வாரத்துல மணல் அங்கங்க வெளுத்துச்சு, மே முதல் வாரம் கண்ணாடில வழக்கமான பச்சை மட்டும். டார்ச்ல சதை விலகின அந்தத் தலை போயிடுச்சு, பாக்கி ரெண்டு தலை பிழைச்சுது. ஹாமர் இதெல்லாம் நடந்ததே தெரியாத மாதிரி நின்னுச்சு.

நடுவுல அவர் ஒரு ஐடியா சொன்னாரு, அதையும் எழுதியாகணும். ஊர்ல இருந்து கடல் தண்ணியவே கேன்ல பிடிச்சு தூத்துக்குடி மைசூர் எக்ஸ்பிரஸ்ல ஏத்திட்டு வந்துட்டா உப்புச் செலவும் மிச்சம், ஆர்ஓவும் வேணாம்னு. கரையோரத் தண்ணி, துறைமுகமும் அனல்மின் நிலையமும் பக்கத்துல, மழைக்கு அப்புறம்னா உப்பே குறைஞ்சிருக்கும், வடிகட்டி இருட்டுல வச்சு டெஸ்ட் பண்ணித்தான் ஊத்தணும், ஆவியாகறதுக்கு ஊத்த எப்படியும் ஆர்ஓ வேணும். எல்லாத்துக்கும் மேல ஸ்லீப்பர் கோச்ல ஆறு கேன் உப்புத்தண்ணிய சீட்டுக்கு கீழ தள்ளறப்ப பக்கத்து சீட்டுக்காரன் என்ன சொல்லுவான். மதினி சிரிச்ச சிரிப்புல அந்த ஐடியா அங்கயே முடிஞ்சுது.

சரி, எத்தன நாளைக்கு ஒருக்கா. இந்த டேங்க்குக்கு ஜூன்ல இருந்து ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ 30 லிட்டர்னு வச்சோம், பதினஞ்சு சதவீதம். ஃபார்முலா படி நைட்ரேட் 4ஐ 0.15ஆல வகுத்தா 27ல நிக்கணும், அது அவருக்கு அதிகமா பட்டுச்சு, அதனால தீனில உறைஞ்ச இறாலக் கழுவிப் போடறதும் ஒரு வேள குறைக்கறதும் சேத்து வார ஏற்றத்த 1.5க்கு கொண்டு வந்தாரு, இப்ப 18, 20ல நிக்குது. வாரம் 20 லிட்டரோட பாத்தா தண்ணியும் கால்வாசி மிச்சம். வாரம் 20 லிட்டரே தொடர்ந்திருந்தாலும் டேங்க்குக்கு ஒரு கெடுதலும் இல்ல, மதினிக்காகத்தான் இந்த ஏற்பாடு, வெளிய போற ஆர்ஓ தண்ணிய இப்ப டிரம்ல பிடிச்சு தரை துடைக்கவும் டாய்லெட்டுக்கும் பயன்படுத்தறாங்க, லாரித்தண்ணி ஓடினப்ப அது 1,400 டிடிஎஸ் பக்கம் இருந்ததால செடிக்கு மட்டும் வேணாம்னு சொல்லியிருந்தேன்.

மத்தவங்க டேங்க்குக்கு இதே நம்பர காப்பி அடிக்காதீங்க. 60, 80 லிட்டர் நானோ டேங்க்னா நான் கண்ண மூடிட்டு வாரம் பத்து சதவீதம்னுதான் சொல்லுவேன், எட்டு லிட்டர் கலக்கறது ஒரு வேலையே இல்ல, டெஸ்ட் கிட் வாங்கற காசுல வருஷத்துக்கு உப்பு வாங்கிடலாம். தண்ணியே மாத்தாம, லேப்ல ஒவ்வொரு தனிமத்தயும் அளக்கற ஐசிபி டெஸ்ட்டுக்கு அனுப்பி ஒவ்வொரு தனிமமா டோஸ் பண்றவங்க இருக்காங்க, ட்ரைட்டன் முறை மாதிரி, அது நடக்கும், ஆனா சம்ப்ல பாசி வளக்கணும், சாம்பிள் அனுப்பி ரிசல்ட்டுக்குக் காத்திருக்கணும், பொறுமையும் பணமும் ரெண்டும் வேணும். அவசரம்னா, யாராவது டேங்க்ல கொசு மருந்த அடிச்சுட்டாங்க, பெரிய மீன் கல்லுக்குப் பின்னாடி செத்து அழுகிடுச்சுன்னா, அப்ப பத்து பத்தா மாத்தாதீங்க. அஞ்சு தடவ பத்து பத்து சதவீதம் மாத்தினா வெளிய போறது 41 சதவீதம் தான், ஒரே தடவ பாதிய மாத்தினா 50. அதே உப்பு, அதே சூடு, அதே அல்கலினிட்டில கலக்கி வச்சு ஒரே மூச்சுல மாத்தணும், கூடவே விஷத்த உறிஞ்ச ஆக்டிவேட்டட் கார்பன் போடணும்.

2024 அக்டோபர்ல காவேரி ஐந்தாம் கட்டம் தொடங்கினதுக்கு அப்புறம் காவேரி நின்னுபோயிருந்த இவங்க அபார்ட்மெண்ட்டுக்கும் திரும்ப கனெக்‌ஷன் வந்துச்சு, குழாய் ரீடிங் திரும்ப 200 பக்கம். ஆனா பம்ப் ரிப்பேர்னு ரெண்டு நாள் நின்னா லாரி வந்துடும், அபார்ட்மெண்ட் நிலத்தடித் தொட்டில ரெண்டும் கலந்து 600 காட்டும். அதனால அண்ணாச்சி இப்ப தண்ணி மாத்தற நாள விட, ஆர்ஓ ஓட விடற அன்னிக்கு குழாய் டிடிஎஸ் எவ்வளவுன்னு நோட்டுல முதல் வரில எழுதறாரு, 500க்கு மேல இருந்தா அன்னிக்கு தண்ணி பிடிக்கறதில்ல.